டயல் பல்பு எரிந்தால்தான் ரேடியோ

ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரேடியோவைவிட அதிகத் தொல்லை கொடுப்பது, அதன் முகத்தில் எரிகிற சுண்டைக்காய் அளவு பல்பு.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, தங்கச் சுரங்கத்து ஊரான ஆண்டர்சன்பேட்டையில் சித்தப்பாவின் கடைக் கவுண்டருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவள் நான். எனக்கு ஆசையெல்லாம் ஈயம் பத்தவைக்கிற கம்பியின் மேல்தான். சித்தப்பா அதைத் தொட விடவில்லை. "உன் வாய் சரியில்ல. மூணு மாசம் ஒரு கஸ்டமரும் முகம் சுளிக்காம போகணும். அப்புறம் கம்பிய குடுக்கறேன். இல்லேன்னா உங்கம்மா சொன்ன டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போயிடு" என்றார். அதுவரைக்கும் செட்டைத் துடைப்பது, டயல் பல்பு மாற்றுவது, வருகிறவர்களிடம் பேசுவது. பேசுவதுதான் கஷ்டம். நீங்கள் துணிக்கடையில் நின்றவரோ மருந்துக்கடையில் நின்றவரோ, மேலே படியுங்கள், உங்களுக்குப் புரியும்.

பாடிக்கொண்டே செத்தது

நந்திதுர்க் சுரங்கப் பக்கமிருந்து ஒரு பெரியவர், பெரிய கரண்ட் செட்டைத் துணியில் மூட்டை கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். "செத்துப்போச்சும்மா" என்றார். பிளக்கைச் செருகினேன். இரண்டு நிமிஷத்தில் நாதஸ்வரம் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். டயல் பல்பு மட்டும் ஃபியூஸ்.

"நல்லாத்தானே பாடுது?" என்று கேட்டேன். என்னைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டார். "பாடுது, யாரு இல்லேன்னாங்க? இருட்டு மூஞ்சிய வெச்சிகினு பாடினா அது எழவு வூட்டுப் பாட்டு மாதிரி கீதும்மா."

அவர்கள் பேசவில்லை

இது அதற்கு நேர் எதிர். மளிகைக்கடை நாயுடு ஒருவர், செட்டை பெஞ்சில் வைத்துவிட்டு, தனக்கு வர இஷ்டமில்லை, மனைவிதான் துரத்திவிட்டாள் என்றார். போட்டுப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு பொட்டுச் சத்தமில்லை. உள்ளே வால்வு போயிருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். நாலு நாளாம். நாலு நாளும் காலையில் செட்டைப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். செட்டு கெட்டுப்போய்விட்டது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் பல்பைத்தான் விரலால் காட்டினார். "லைட்டு எரியுது பாரு. என் செட்டு ரெடியா கீது. அங்க ஸ்டேஷன்ல அவங்க பேசலேன்னா நான் இன்னா பண்ணட்டும்?"

விளக்கே இல்லாதது

அப்புறம் டிரான்ஸிஸ்டர் வந்தது. கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், செல்லில் ஓடும், முக்கியமாக டயல் பல்பு கிடையாது. தொல்லை விட்டது என்று நினைத்தேன். நான் நினைத்தது எது நடந்திருக்கிறது?

சுரங்கத்தில் பாறை துளைக்கிற மிஷின் ஓட்டும் சவரிமுத்து மாமா ஒன்று வாங்கினார். ஒரே மாதத்தில் நாலு தடவை, செல்லெல்லாம் தீர்ந்துபோய்க் கொண்டுவந்தார். பாட்டைக் குறைத்துவிட்டு அணைக்காமலே வைத்துவிடுகிறார், அவ்வளவுதான் விஷயம். இவருக்கு ஒரு விளக்கு வேண்டுமாம், ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க. அந்த விளக்கு ரேடியோவைவிட அதிகமாகச் செல்லைத் தின்னும் என்று சொன்னேன். தலையாட்டினார். சத்தம் வந்தால் ஓடுகிறது, வராவிட்டால் ஓடவில்லை, இதற்கு எதற்கு விளக்கு என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

நாலாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். "காது இருக்குதில்ல? அணைக்கத் தெரியாதவங்களுக்கு ரேடியோ எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து மாமாவும் சிரித்தார். "சரிம்மா. லைட்டு எப்ப போடுவ?"

தலையாட்டினவர்

சித்தப்பா டார்ச் பல்பு ஒன்றைச் செட்டில் தானே பத்தவைத்துக் கொடுத்து அனுப்பினார். நான் சொன்னபடியே இரண்டு நாளில் செல் காலி. சொன்னேனா இல்லையா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது, செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது மாமா இல்லை, அவர் மனைவி.

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "லைன் வூடு, நடுவுல ஒரே செவுரு, சத்தமா வெச்சா பக்கத்துல கத்தறாங்க. கொறைப்பாரு. எந்த எடத்துல அணையுதுன்னு அவருக்குத் தெரியாது. மிஷின் புடிச்சிப் புடிச்சி காது ரெண்டும் போச்சு. விரலும் மரத்துப்போச்சு, ஸ்விட்சு 'டிக்'குன்னா அதுவும் தெரியாது. நீ அன்னிக்குப் பேசினது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது பாப்பா. கடையில நின்ன பசங்க வந்து என்கிட்ட சொன்னாங்க."

சித்தப்பா பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கினார். "திங்கக்கிழமலேர்ந்து டைப்ரைட்டிங்."

கம்பி

மறுநாள் சனிக்கிழமை. சண்டை போட எனக்கு முகமில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சித்தப்பாவின் முன்னால் வைத்தேன். பல்புக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு காலிங்பெல் பொத்தான். அழுத்தினால்தான் பல்பு எரியும், அதுவும் ரேடியோ ஓடினால்தான் எரியும். மற்ற நேரம் செல்லைத் தின்னாது. அவர் பென்சிலை எடுத்தார். இரண்டு இடத்தில் கோடு தப்பு என்று திருத்தினார். பிறகு கம்பியை என் பக்கம் தள்ளினார். "நான் போட்டது ரெண்டு நாள் வந்துது. உன்னுது எத்தினி நாள் வருதுன்னு பாப்போம்."

கட்டை விரலைச் சுட்டுக்கொண்டேன். நான் வைத்த ஈயம் அப்பளத்தில் எழும்பின கொப்புளம் மாதிரி இருந்தது. ஆனாலும் பிடித்தது. சாயங்காலம் மாமா வந்தார். இந்தத் தடவை அவர் முகத்துக்கு நேரே நின்று, கையைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். புரிந்துகொண்டார். போட்டு அழுத்தினார், எரிந்தது. அணைத்து அழுத்தினார், எரியவில்லை. பத்துத் தடவை இதையே செய்தார். காது விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் முந்திக்கொண்டார். "நல்லாத்தான் கீது. எப்பவும் எரியற மாதிரி ஒண்ணு போட்டிருந்தா இன்னும் நல்லாயிருக்கும்."

அவர் தெருவில் இறங்கிப் போனதும் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "திங்கக்கிழம, பங்காருபேட்டைலேர்ந்து ஒரு செட்டு வந்திருக்குது, அதைப் பிரிக்கணும். நேரத்தோட வந்து சேரு."

விளக்கு இல்லாமலும் ரேடியோ பாடும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், ஆனால் சொல்லி முடித்ததும் எப்படியும் பல்பு மாட்டத்தான் போகிறேன் என்பதால், இப்போதெல்லாம் முதலில் பல்பை மாட்டிவிட்டு அப்புறம் சொல்கிறேன்.