மலையேறும் வரை நிறுத்தக்கூடாது

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மூத்த மகன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எம்மா, ஏஜென்ட் பாய் கேட்டா திங்கக்கெழம சொல்லுதேன்னு சொல்லிருங்க" என்றான்.

கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை. விசா வந்துவிட்டது. போகிறானா இல்லையா என்று கடையநல்லூர் ஏஜென்டுக்குச் சொல்லத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவான். அடுத்தவள் டிரம்ஸ். இளையவன் பேஸ் கிதார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டு ராக் போலச் சத்தமாக வாசிப்பார்கள். பாட்டுகள் அவர்களே தமிழில் எழுதியவை. உடுப்பும் அந்தக் காலத்தது. மூன்று பெல்பாட்டம் நான்தான் தைத்தேன், காலின் கீழ்வாய் இருபத்து நான்கு அங்குலம். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏலே, எங்க மாமா கல்யாணத்துக்குப் போட்ட பேன்ட்ட எங்க புடிச்சிய?" என்றார்.

தெருவில் விசைத்தறிகள் ஓடுவதால் ஆறு நாள் எங்கள் மாடிச் சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தறிக்காரர் வந்துவிடுவார். "யக்கா, உங்க வீட்டுத் தறிக்கு மட்டும் லீவே கெடையாதா?"

மூத்தவன் போய்விட்டால் பாட ஆள் கிடையாது. மற்ற இருவரும் டிரம்ஸைக் கழற்றிக் கீழே இறக்கிவிடுவார்கள். அதை மூவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

அன்று பனவடலிசத்திரத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் சுடலைமாடசாமி கோயில் கொடை விழா. மாலையில் இவர்கள் மேடை. முதல் மேடை. விழாக்காரர் என்னிடம் "பாட்டுக் கச்சேரிதானக்கா?" என்று கேட்டிருந்தார். கச்சேரி என்ற சொல்லை நம்பி அவர் அழைத்தார். அதே சொல்லை நம்பி நானும் தலையாட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு மதியப் பூசை. மேளக்காரர்களின் வேன் வழியில் நின்றுவிட்டதாம். பூசாரி காத்திருந்தார். கோமரத்தாடி, அதாவது சாமியாடுகிறவர், மஞ்சள் நீரில் குளித்துச் சலங்கை கட்டி, கண்ணை மூடி நின்றார். அந்த நேரம் பார்த்து என் மகள் மேடையில் சவுண்ட் செக் தொடங்கினாள். முதலில் பெரிய டிரம் மட்டும். பிறகு எல்லாம் சேர்த்து ஒரு அடி.

கோமரத்தாடியின் தோள் துள்ளியது. பன்னிரண்டு பத்துக்கு அவர் ஆடத் தொடங்கினார். பெண்கள் குலவை போட்டார்கள். பன்னிரண்டு பதினொன்றுக்கு என் மகள் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

ஆடியவர் பாதித் துள்ளலில் நின்று மேடையை முறைத்தார். கூட்டம் மொத்தமாகத் திரும்பியது.

"ஏட்டி! நிறுத்தாத! சாமி வந்துருக்குல்லா!" என்றார் விழாக்காரர்.

"செக் பண்ணியாச்சு அண்ணாச்சி."

"சாமியவா செக் பண்ணுதே? அடிட்டி!"

சாமி வந்துவிட்டால், மலையேறிப் போகும்வரை மேளம் நிற்கக்கூடாது. கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தறித்தெருவில் வளர்ந்த என் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அவள் மறுபடி அடித்தாள். மூன்றாவது நிமிடம் இளையவன் பேஸை மாட்டினான். ஐந்தாவது நிமிடம் மூத்தவன் வந்தான். அவர்களுடைய பாட்டு எதுவும் ஆறு நிமிடத்தைத் தாண்டாது. இருந்த பாட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டினார்கள். வரிகள் தீர்ந்ததும் மூத்தவன் வெறும் குரலில் கத்தினான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருந்ததை நான் வீட்டில் கேட்டதில்லை. இருபத்தொன்பதாவது நிமிடம் மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். விழாக்காரர் அவர்களை மேடைப் பக்கம் தள்ளினார். தவில்காரர் நகரவில்லை. "நடுவுல மாத்தக்கூடாதுவே. அந்தப் புள்ளையே அடிக்கட்டும்" என்றார்.

முப்பத்தேழாவது நிமிடம் கோமரத்தாடி மேடையேறி டிரம்ஸிலும் மகளின் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டு அப்படியே சாய்ந்தார். சாமி மலையேறிவிட்டது. அதன் பிறகும் அவள் நான்கு அடி அடித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

மாலைக் கச்சேரிக்கு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டில், "சினிமாப் பாட்டு ஏதும் தெரியாதா மக்கா?" என்று ஒருவர் கேட்டார். திரும்பும் வழியில் மூத்தவன் போனில் விசாவைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். போகப்போகிறான் என்றே நினைத்தேன்.

மறுநாள் யாரோ போனில் எடுத்த மதிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நான் காய்கறி வாங்கிய இடத்தில்கூட ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு மாலைக்குள் நான்கு அழைப்புகள். மூன்று, கொடை விழாக்காரர்கள், அதில் ஒருவர் ராயகிரிக்காரர். "அந்தச் சாமி பாட்டு மட்டும் போதும்" என்றார்கள். நான்காவது, சென்னையில் ராக் நிகழ்ச்சி நடத்துகிறவர். அவருக்கும் அந்த முப்பத்தேழு நிமிடம்தான் வேண்டும், வெட்டாமல்.

மாடியில் சண்டை. இளையவன், "நம்ம என்ன மேளக்காரங்களா?" என்றான்.

"ஆமா. இப்ப அதுக்கென்னல?" என்றாள் மகள்.

"நம்ம பாட்டயே யாரும் கேக்கலியேக்கா."

"கேட்டாவ. நீதான் கண்ண மூடிக்கிட்டு வாசிச்ச."

மூத்தவன் கிதார் கம்பியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை முழுவதும் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தான். பத்து நாற்பதுக்கு ஏஜென்டின் எண்ணை அழுத்திப் போனை என் கையில் கொடுத்தான்.

"வரலன்னு நீங்களே சொல்லிருங்கம்மா. நான் சொன்னா மாத்திச் சொல்லிருவேன்."

சொன்னேன். மறுமுனையில் ஏஜென்ட் பேப்பரைப் புரட்டினார். "சரிக்கா, அல்லா நாடுனது அதுன்னா அதான். கம்பெனிக்குக் காரணம் எழுதணும். என்னன்னு போடட்டும்?"

ராக் என்று சொல்ல வாயெடுத்தேன். கச்சேரி என்றும் சொல்ல வரவில்லை.

"மேளத்துக்குப் போறான்னு போடுங்க பாய்."

"மேளத்துக்கா? யக்கா, இந்த விசா திரும்ப வராது."

"தெரியும்."

மகன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினான். நான் அடுப்பை அணைத்தேன். எண்ணெய் காயவில்லை என்று பார்த்துத் திரும்பப் பற்றவைத்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று ஏஜென்டிடம் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். மேலே டிரம்ஸ் தொடங்கிவிட்டது. இனி நான் பேசினால் அவருக்குக் கேட்காது.