தாமதத்துக்கான காரணம்

நான் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைக்காதவன் என்று யாரும் சொல்லக்கூடாது. மாதத்தில் இரண்டு தடவையாவது போவேன். தெல்தோட்டை பஸ் பேராதனை வளாகத்துக்குள்ளால்தான் கண்டிக்கு ஓடுகிறது. டிக்கட்டும் எடுத்திருக்கிறேன். பட்டம்தான் தரவில்லை.

அன்றைக்கும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். மடியில் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி, சட்டைப்பையில் எழுத்தை மறைக்கிற வெள்ளை டிப்பெக்ஸ் போத்தல்.

விசயம் இதுதான். தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் தொண்டராசிரியன். ஏ.எல். மட்டும்தான் படிப்பு. பட்டதாரிகளுக்கு வாசல் உண்டு. எங்களுக்கு உதவி ஆசிரியர் நியமனம் என்று ஒரு ஜன்னல், எப்போதாவது திறக்கும். இந்தமுறை தொண்டர்களுக்காக வயதெல்லையைத் தளர்த்தியிருந்தார்கள். அந்தத் தளர்ந்த எல்லைக்கும் எனக்கு மூன்று மாதம்தான் பாக்கி. அடுத்தமுறை திறந்தால் பேரப்பிள்ளைகள்தான் என்னைத் தூக்கிவிட வேண்டும்.

நேர்முகப் பரீட்சைக்கு முக்கியமாகக் கேட்டது, இத்தனை வருசம் படிப்பித்ததற்கு ஆதாரம். சம்பளமில்லாத எங்களுக்கு நிரந்தர ஆசிரியர்களின் வரவுப் பதிவேட்டில் இடமில்லை. நாங்கள் கையெழுத்திட்டது தனியாக இந்த சி.ஆர். கொப்பியில். அதில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நான் அதில் விளையாடியிருந்தேன்.

'அட்டை கடித்தது. இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டோம்.'

'மேட்டில் பஸ் நின்றது. இறங்கித் தள்ளினோம். பஸ் நன்றி சொல்லவில்லை.'

'நான் சரியாகத்தான் வந்தேன். மணிக்கூடு அவசரப்பட்டுவிட்டது.'

கொப்பியைத் தந்தபோது பாடசாலை அதிபர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பக்கத்துக்குப் பக்கம் நான் முத்திரை வேற குத்தியிருக்கேன் சேர். வாசிச்சிட்டுத்தான் குத்தினேன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

"கிழிச்சிப் போட்டுருங்களேன்," என்றாள் மனைவி.

"நம்பர் போட்ட பக்கம்டி."

"அப்ப டிப்பெக்ஸ் பூசுங்க. வீட்டுல பகிடி விட்டது பத்தாதுன்னு ஸ்கூல் கொப்பியிலயும்!"

பஸ் கலஹா வளைவுகளில் இறங்கும்போது மூன்று தடவை போத்தலைத் திறந்தேன். முதல் துளி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது துளி பக்கத்தில் இருந்தவரின் மரக்கறிப் பையில். மூன்றாவது தடவை திறந்த கையோடு மூடிவிட்டேன். கொப்பியில் ஒரு பொட்டுக்கூடப் படாமல் கண்டி வந்துவிட்டது.

நேர்முகப் பரீட்சை நடந்த கந்தோரில் எனக்கு முன்னால் உள்ளே போனவர் வெளுத்துப்போய் வெளியே வந்தார். "கொப்பி முழுக்க ஒரே பேனையாம். ஒரே நாள்ல எழுதினதாம். ஏத்துக்கமாட்டாங்களாம்." அவருடையது வெள்ளை வெளேரென்ற சுத்தமான கொப்பி. அதற்கே இந்தக் கதியென்றால் என்னுடையதைப் பார்த்துப் பொலிசைக் கூப்பிடுவார்கள் என்று முடிவுகட்டினேன். எழுந்து ஓடலாமென்று கொப்பியை எடுத்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே யாழ்ப்பாணப் பேச்சுள்ள ஒரு மெடம், பக்கத்தில் ஒரு சிங்கள ஐயா. மெடம் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வாசித்தார்.

"இது நீர் எழுதினதோ?"

"ஓம் மெடம்." பயத்தில் எனக்கும் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிட்டது.

"எல்லாம் உண்மையோ?"

"பாதி உண்மைங்க மெடம்."

"எந்தப் பாதி?"

"வந்தது உண்மைங்க. காரணம்தான்..."

அவர் அட்டை விசயத்தைச் சிங்களத்தில் ஐயாவுக்கு விளக்கினார். ஐயா சிரிக்கவில்லை. கொப்பியை இழுத்து அந்த வரியருகே விரலை வைத்தார். அங்கே பழுப்பாக ஒரு துளி இரத்தம் காய்ந்திருந்தது. நானே அன்றுதான் அதைக் கண்டேன். "கூடெல்லா," என்றார், அட்டைக்குரிய சிங்களப் பெயரைச் சொல்லி, சாட்சி கிடைத்தவர் போல.

மெடம் கொப்பியை மூடினார். "இப்பிடி ஒண்டை ஒருத்தரும் கள்ளமா எழுத மாட்டினம். போயிட்டு வாரும்."

நியமனக் கடிதம் வந்தது, அதே பாடசாலைக்கு. பயிற்சிக் கலாசாலை முடிக்கும்வரை அரை ஆசிரியன்தான். ஆனாலும் முதல் நாளே மெய்யான வரவுப் பதிவேடு. பிந்தி வருபவர்களைப் பிரிக்கும் சிவப்புக் கோட்டை அதிபர் போட்டு நான்கு நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். காரணக் கட்டத்தில் 'பஸ் தாமதம்' என்று எழுதினேன்.

அதிபர் எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானா சேர்?"

"பயமா இருக்குங்க சேர்," என்றேன்.