பெயர் சொல்லாமல் வழி சொல்வது

அடுத்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடம் போகாமல் வீட்டு வேலை செய்கிறாள். பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. போன கிழமை சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குப் போன் எடுத்து அறிவித்தேன்.

"உங்கட பெயர் வெளியில வராது" என்றார்கள். பிறகு வீட்டு இலக்கம் கேட்டார்கள். நெடுந்தீவில் யார் இலக்கம் பார்த்து வீடு தேடுகிறார்கள்? "தையல் ரீச்சர் வீடு எண்டு கேளுங்கோ, அதுக்கு அடுத்த படலை" என்றேன்.

தையல் ரீச்சர் நான்தான்.

இன்று காலை இறங்குதுறைக் கடையில் பாண் வாங்கும்போது கடைக்காரர் சொன்னார்: "ரீச்சர், குறிகட்டுவான் படகில வந்த ரண்டு ஒஃபிசர்மார் உங்கட வீட்டை விசாரிச்சவை. உங்கட அடுத்த வீட்டு அண்ணைதான் தன்ர ஓட்டோவில ஏத்திக்கொண்டு போறார்."

பாணை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

என் வாசல் படலையில் மூவரும் நின்றார்கள். "ரீச்சர், உங்களைத் தேடித்தான் வந்திருக்கினம். ஏதும் பிரச்சினையோ?" என்று அண்ணை அக்கறையாகக் கேட்டார். கல்வேலிக்கு மேலால் அந்தப் பிள்ளை உடுப்புக் காயப்போடுவது தெரிந்தது.

அடுத்த படலைப் பக்கம் கையை நீட்டினேன்.

பிள்ளையை மத்தியானப் படகில் கூட்டிப்போய்விட்டார்கள். அப்போதிருந்து அண்ணையின் ஓட்டோ என் படலைக்கு நேரே நிற்கிறது. அவர் அதற்குள்ளேயே இருக்கிறார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இந்தத் தீவில் பெயர் சொல்லாமல் வழி சொல்லத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கிட்ட இருப்பவர்கள் யாராவது வந்தால் இன்னும் நல்லது.

வழியை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.