கன்டெய்னருக்குள் ஒரு பொட்டு வெயில்

காலி கன்டெய்னருக்குள் நான் போய் நின்றதும் வெளியே கதவைச் சாத்துவார்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். கப்பல் கரை சேரும்வரை கடல்தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கி, சரக்கைக் கெடுத்துவிடும். ஒரகடத்தில் எனக்கு இதுதான் வேலை.

இன்று அந்த இருட்டில், சுட்ட தகரத்தின் வாசனையில், சின்ன வயதில் இருந்த வல்லத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது. சித்திரை வெயிலில் அப்பா கதவைச் சாத்தி என்னையும் அக்காவையும் தரையில் படுக்கவைப்பார். தகரக் கூரையில் ஓட்டை தெரிந்தால் கைகாட்ட வேண்டும். அவர் ஏறித் தார் வைத்து அடைப்பார். மூலையிலிருந்த ஒன்றை மட்டும் நான் காட்டவில்லை. அதன் வழியே விழும் வெயில் பொட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

ஐப்பசி மழை அந்த ஓட்டை வழியே ஒழுகி, அக்காவின் பத்தாம் வகுப்பு நோட்டெல்லாம் ஊறிப்போயின. அவள் அழுதாள்.

“நான்தான் சரியா பாக்கல போல கீது,” என்றார் அப்பா. அப்போதும் அந்த ஓட்டையை நான் காட்டவில்லை.

வெளியே லாரி டிரைவர் கன்டெய்னர் கதவைத் தட்டினார். “இன்னாம்மா, ஓகேவா? கப்பலுக்கு டைம் ஆவுது.”

மேலே, மூலையில், ஒரே ஒரு பொட்டு. அதன் கீழே உள்ளங்கையைக் கொஞ்சநேரம் விரித்துவைத்திருந்தேன்.

“ஒரு ஓட்டை கீதுண்ணா,” என்றேன். “இது போவாது.”