ஏரிப் படத்தில் தெரிந்த ஜாடி

முதலில் நடந்தவை, வரிசையாக:

1. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த ஏரியில் ஒரு படம் எடுத்தேன்.
2. அன்று மதியம் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். கீழே ஒரு வரியும் எழுதவில்லை.
3. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மேனேஜர் ராஜவேலு சார் லேப்புக்கு வந்து டெஸ்ட் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று சொல்லவில்லை.
4. ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டார். போனை மேசைமேல் வைக்கச் சொன்னார்.
5. அன்று நாலு மணிக்கு மங்கலம்பேட்டைக்கு ஒரு லோடு ஊறுகாய் ஜாடி போக வேண்டும். அந்த லோடுக்கு ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

விருத்தாசலத்தில் ஜாடி செய்யும் ஒரு சிறு யூனிட்டில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். செராமிக் டிப்ளமோ முடித்து ஆறு வருஷம் ஆகிறது. லேப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

எனக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது ஜாடிதான். வெள்ளை ஜாடியை கேமரா தன் இஷ்டத்துக்கு எடுத்தால் பளபளப்பு மட்டும்தான் விழும். ஊசித்துளை, கொப்புளம் எல்லாம் வெளிச்சத்தில் கரைந்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, மைனஸ் ரெண்டுக்கு இறக்கினால் படம் இருண்டு, குறை மேலே வரும். லேப் ரெக்கார்டுக்காக இப்படியே நூற்றுக்கணக்கில் எடுத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கும் அதே மைனஸ் ரெண்டோடு போக ஆரம்பித்தேன்.

அன்று சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. முந்தின நாள் தூறலில் மேலே மெல்லிய ஈரம். சூரியன் தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. எக்ஸ்போஷரை இறக்கியதும் பாளங்கள் கறுத்துப்போய், அவற்றின் விளிம்புகள் மட்டும் மயிரிழையாக மின்னின. கரை, புல், வானம் எதையும் ஃப்ரேமில் விடவில்லை. அளவு சொல்ல ஒரு பொருளும் இல்லாமல் போனால் சேறு சேறாக இருக்காது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ராஜவேலு சார் என் போனைத் தொடவில்லை. தன் போனில் எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினார்.

“என்னம்மா இது?”

“ஏரி சார்.”

“ஏரியா? எங்கிட்டயே கத உடறியா? இருவது வருஷமா கிளேஸ் பாக்கறவன் நானு. இது நம்ம பிரவுனு ஜாடி. கிரேசிங் எடுத்துருக்குது. உள்ள எடுத்தத வெளிய போட்டுருக்க. யார் கேட்டாங்க உன்ன?”

கிளேஸ் என்பது சூளையில் உருகி ஜாடிமேல் படியும் கண்ணாடிப் பூச்சு. அதில் மயிரிழை வெடிப்பு விழுவதுதான் கிரேசிங். ஊறுகாய் ஜாடியில் விழுந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கும். ஜாடி வெளியே உப்புப் பூக்கும். ஊறுகாய் கெட்டுப்போகும்.

சாரை லேப்புக்குக் கூட்டிப்போய், போனிலிருந்து அந்தப் படத்தின் ரா ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். கேமரா உள்ளே வாங்கியதை எல்லாம் அப்படியே வைத்திருக்கும் ஃபைல் அது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கறுப்பு பழுப்பானது. இடது மூலையில் இருட்டுக்குள் இருந்து ஒரு கொக்கின் கால்தடம் வெளியே வந்தது. அதன் பக்கத்தில் ஒரு நத்தை ஓடு. எடுக்கும்போது நானே அவற்றைப் பார்த்திருக்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டும் பார்த்தார்.

“சரி சரி. ஏரிதான். ஸ்டேட்டஸ எடுத்துடு.”

“ஏன் சார்? ஏரிதானே?”

“எடுத்துடுன்னா எடுத்துடு. பாய் பாத்தாரா இத?”

பாய் என்றது ஹாஜா பாயை. மங்கலம்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், லோடு அவருக்குத்தான். ‘தெரியல சார்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

டீ நேரத்துக்குள் யூனிட் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ஜாடிகளைக் கிளேஸில் முக்கும் அஞ்சலை அக்கா என் போனை வாங்கிப் பார்த்தார்.

“ஏண்டி, ஊரு பொண்ணுங்க மூஞ்சிய எடுத்துப் போடுதுங்க. நீ என் பித்தவெடிப்ப எடுத்துப் போட்டுருக்க. இதுக்கா இவ்ளோ பஞ்சாயத்து?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அக்கா தன் குதிகாலைப் பார்த்தார். சார் ஜாடியைப் பார்த்தார். அந்த லோடில் கிரேசிங் இல்லை என்று நம்புகிறவருக்கு, இருண்ட ஒரு சேற்றுப் படத்தில் கிரேசிங் ஏன் தெரிய வேண்டும்? ஏரி என்று தெரிந்த பிறகும் ஏன் பயம் போகவில்லை?

ஒவ்வொரு சூளையிலிருந்தும் மூன்று ஜாடியை சாம்பிளாக அலமாரியில் வைத்திருப்போம். ஒட்டிய சீட்டு வெளியே தெரியும்படிதான் நான் வைப்பேன். அந்த லோடின் மூன்று ஜாடிகளும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. யார் திருப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜாடியின் கீழ்ப்பாதி வெள்ளையில் இங்க் தடவி, ஐந்து நிமிஷம் விட்டுத் துடைத்தேன். வெடிப்புகளில் இறங்கிய இங்க் நீல வலையாக நின்றது. மூன்றிலும் நின்றது. மேலே பிரவுன் பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மைனஸ் ரெண்டில் ஒரு படம் எடுத்தேன். ஏரிப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எது எது என்று எனக்கே சொல்ல வரவில்லை.

இதில் என் தப்பும் உண்டு. சூளையிலிருந்து வந்த அன்றே இங்க் டெஸ்ட் செய்து ‘ஓகே’ எழுதியிருந்தேன். அன்று வெடிப்பு இல்லை. ஆனால் கிளேஸுக்கு அடியில் இருக்கும் ஜாடியின் மண் உடம்பு காற்றின் ஈரத்தைக் குடித்து நாள்பட நாள்பட உப்பும். கிளேஸ் அதோடு இழுபட்டுப் பிறகு வெடிக்கும். பாடத்தில் படித்ததுதான். லோடு அவசரம் என்றார்கள், ஒருநாள் டெஸ்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜாடிப் படத்தை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுல கொக்கு காலு எங்க?”

“இதுல இல்ல சார்.”

“கையெழுத்து உன்னுது. தெரியுமில்ல?”

“தெரியும் சார். அதுக்குத்தான் ரெஜிஸ்டர் வேணும்.”

தரவில்லை.

மூன்றரைக்கு ஹாஜா பாய் வண்டியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஸ்டேட்டஸ் பாத்தேம்மா. நல்லாருந்துச்சு. என்னா அது, யானத் தோலா?”

சார் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் பாய், யானைத் தோல் என்று சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்பியிருக்கும்.

“ஏரிச் சேறு பாய். ஏத்தறதுக்கு முன்னாடி லோடுலேர்ந்து நீங்களே ரெண்டு ஜாடி எடுத்துக் குடுங்க. இங்க் தடவிக் காட்டறேன். பாத்துட்டு ஏத்துங்க.”

“ஏம்மா, ஓகே போட்டது நீதானே?”

“நான்தான் பாய். தப்பாப் போட்டேன்.”

பாய் சாரைப் பார்த்தார். சார் வண்டி டயரைப் பார்த்தார். பாய் அடுக்கின் நடுவிலிருந்து இரண்டு ஜாடியை உருவிக் கொடுத்தார். துடைத்துக் காட்டியதும் கட்டைவிரலால் நீல வலையைத் தேய்த்தார். போகவில்லை.

“ஏத்தாதீங்கப்பா,” என்றார். காலி வண்டியோடு போனார்.

ஐந்து மணிக்கு ரெஜிஸ்டர் என் மேசைக்குத் திரும்பி வந்தது. ‘ஓகே’யை அடித்து, பக்கத்தில் ‘கிரேசிங்’ என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன். ஸ்டேட்டஸை நான் எடுக்கவில்லை. இருபத்துநாலு மணி நேரம் முடிந்து தானாகவே போயிருந்தது.

சாருக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இருட்டாக எடுத்த படத்தைக் காட்டும்போது, படத்தைப் பார்க்காதீர்கள். பார்க்கிறவர் முகத்தைப் பாருங்கள்.

இன்றைய நிலவரம்: சாம்பிள் ஜாடிகளைப் பதினைந்து நாள் வைத்திருந்து மறுபடி இங்க் தடவிய பிறகே ‘ஓகே’ எழுதுகிறேன். அந்த லோடு யார்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. நான் லேப்பில் இருக்கிறேன். முன்பு என்னிடம் இருந்த லேப் சாவி இப்போது ராஜவேலு சாரிடம் இருக்கிறது.