ஆள் ஏறினால் வண்டி நகராது

குன்னத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும். அன்று செய்ததை நாளைக்கும் செய்வேன்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தவள். வாடகைக்கு உழவு ஓட்டும் எங்கள் டிராக்டரின் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேன் ஓட்டும் வேலை. அதை விட முடியாது. நானே பழகி ஏறி உட்கார்ந்தேன். பின்னால் மண்ணைக் கத்திகளால் கிளறும் ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டில் முந்தானை மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். அதனால் பேண்ட்டும் சட்டையும் போட்டு, கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகிக்கொண்டேன். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள், "பேண்ட் போட்ட டிரைவரம்மா வாராங்க" என்று சிரித்தார்கள். மறுநாள் அதே பேண்ட்டோடு அவர்கள் வாசல் வழியாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்தத் தோட்டத்துக்காரர் மக்காச்சோளம் அறுத்த காட்டை ஓட்டக் கூப்பிட்டிருந்தார். மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. ரோட்டவேட்டரை இறக்கினால் கத்திகள் மேலாகச் சுரண்டிவிட்டுத் துள்ளின.

"ஏனம்மிணி, மேல மேலயே போவுது? பாரம் பத்தல. இரு, ஆள ஏத்தி வுடறேன்" என்றவர், தோட்டத்தில் வேலை செய்யும் பீகார்க்காரரைக் கத்திக் கூப்பிட்டார். அவர் ஓடிவந்து, கத்திகளை மூடியிருக்கும் தகட்டின் மேல் ஏறி நின்றார். பழக்கப்பட்டவர் போலச் சிரிக்கவும் செய்தார். காலில் ரப்பர் செருப்பு.

நான் இன்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, ஆளு ஏறுனா வண்டி நவராதுங்க."

"அல்லாரும் ஏத்தித்தான் ஓட்டறாங்க. கம்பியப் புடிச்சுட்டு நிப்பான். ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னா நீங்க ஏறி நில்லுங்க. அப்பவும் நா வண்டிய எடுக்க மாட்டனுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பொம்பள வண்டி ஓட்ட வந்தா இப்பிடித்தான். சாவியக் குடு, நானே ஓட்டிக்கறேன்."

"தர முடியாதுங்க."

கையை நீட்டியபடி சக்கரத்தருகே வந்து நின்றார். நான் சாவி இருந்த பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இருக்கையை விட்டு அசையவில்லை. பின்னால் திரும்பி, கம்பெனியில் பழகிய இந்தியில், "பாயி, நீச்சே ஆவோ" என்று கீழே இறங்கச் சொன்னேன். பீகார்க்காரர் முதலாளியைப் பார்த்தார். நான் என் கைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழற்றிக் காட்டி, அவர் காலைக் காட்டினேன். அவர் குனிந்து தகட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கத்திகளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. இறங்கினார்.

"டேய், ஏர்றா!"

"வேண்டாம்ணா" என்றார், தமிழில். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு தோட்டத்துக்காரர் எவ்வளவு சத்தம் போட்டும் ஏறவில்லை.

"தண்ணி பாச்சி, மண்ணு பதமானதும் சொல்லியுடுங்க. வந்து ஓட்டித் தாரனுங்க" என்றேன்.

"நீ ஒண்ணும் வர வேண்டாம்."

"செரிங்க."

கத்திகளுக்குப் போகும் சுழற்சியைத் துண்டித்து, இன்ஜினைக் கிளப்பி, ரோட்டவேட்டரை மேலே தூக்கிப் பூட்டி, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்தேன். கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. பொறுமையாகவே போனேன். தோட்டத்துக்காரர் பைக்கில் பக்கத்தில் வந்து, "இந்தப் பக்கம் உனக்கு ஆரு வேல குடுக்கறான்னு பாக்கறேன்" என்றார்.

"பாருங்க" என்றேன்.

பேக்கரி முன்னால் சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். ரோட்டவேட்டர் தரையில் உட்காரும்வரை இறக்கி, பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்பே அங்கே வந்திருந்த தோட்டத்துக்காரர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டீ குடிக்கற நேரத்துக்குக் கூட எறக்கி வெச்சுட்டுத்தான் வாராங்க பாருங்க. என்னமோ தலையில வுழுந்துர்ற மாதிரி."

"வுழுந்தா தூக்கறதுக்கு நீங்க வருவீங்களாங்க?" என்று கேட்டுவிட்டு, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து டீயைக் குடித்தேன். ஆறிப்போகும்வரை மெதுவாகக் குடித்தேன். பிறகு ஒரு பஜ்ஜியும் வாங்கித் தின்றேன்.

அடுத்து அவர் வேறு டிராக்டரைக் கூப்பிட்டார். அதை ஓட்டிப்போனவர்தான் என்னிடம் சொன்னார்: பீகார்க்காரர் அன்றும் ஏறவில்லையாம். அந்த டிரைவர் பாரமில்லாமல் ஓட்டிப் பார்த்து, கத்தி இறங்காமல் திரும்பிவிட்டாராம். கடைசியில் தண்ணீர் பாய்ச்சித்தான் காட்டை ஓட்டினார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வேறு யாரும்கூட வெகுநாள் கூப்பிடவில்லை.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமல்ல?" என்றார் என் வீட்டுக்காரர், சோறு தின்றுகொண்டே.

"எத அனுசரிக்கறதுங்க? அந்தாளு கால வுட்டுக் குடுக்கறதா?"

மறுவாரம் நான் ரோட்டவேட்டரைப் பெயின்டரிடம் கொண்டுபோனேன். பின்பக்கத் தகடு முழுக்க, 'மேலே ஏறாதே' என்று தமிழிலும் இந்தியிலும் பெரிதாக எழுதச் சொன்னேன்.

"போன் நம்பர் போட எடமே இருக்காதுங்களே அக்கா?" என்றார் பெயின்டர்.

"இல்லாட்டிப் போவுது. நீங்க எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாவே போடுங்க" என்றேன்.