சொன்ன நேரத்துக்கு வந்த படகு

கம்பத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்கிற நான் கடலைப் பார்த்தது மொத்தம் இரண்டு முறை. இரண்டு முறையும் முழங்காலுக்கு மேல் நனையவில்லை. ஆனாலும் லட்சத்தீவில் ஒரு குட்டித் தீவுக்கு நேந்திரங்காய் அனுப்புவதால், கடல் என்று யார் வாயைத் திறந்தாலும் நான்தான் முந்திக்கொண்டு பேசுவேன்.

லாரி குமுளி ஏறிக் கொச்சி போகும். அங்கிருந்து பெரிய தீவு வரை கப்பல். அதுவரை தொல்லையில்லை. பெரிய தீவிலிருந்து குட்டித் தீவுக்குப் போகிற படகுதான் உயிரை வாங்கும். எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. தார்கள் துறையில் வெயிலில் கிடந்து பழுத்து அழுகும். அதனால் முற்றாத காயாகவே வெட்டி அனுப்புவேன். அப்படியும் பாதிதான் தேறும். அங்கே கடை வைத்திருப்பவரை, அண்ணன் என்ற பொருளில், இக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அவர் வெளியே அனுப்புகிற மாசிக் கருவாடும் அதே படகுக்காகத்தான் காத்துக் கிடந்தது.

இந்த வருஷம் போனில் அவர் குரலே மாறியிருந்தது. தீவுக்குத் தீவு புதுப் படகு விட்டிருக்கிறார்களாம். கப்பல் வந்து நின்றதும் கிளம்பிவிடுமாம்.

"அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். வர்றவங்க எல்லாருக்கும் பழம் உண்டுன்னு சொல்லிட்டேன். நல்லா விளைஞ்சு நிறம் திரும்புன தாரா அனுப்பணும். வெள்ளிக்கிழமை கப்பல்ல வந்தா போதும்."

சரி என்றேன். நம்பவில்லை. தேனிக்கு அகலப்பாதை ரயில் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று கேட்டுக் கேட்டே எனக்கு மீசை நரைத்தது. தண்டவாளத்தில் ஓடுவதற்கே அந்தப் பாடு என்றால், தண்ணீரில் ஓடுவதை எப்படி நம்புவது? ராயப்பன்பட்டித் தோட்டத்தில் நின்று, வழக்கத்தைவிட இளசாகவே வெட்டச் சொன்னேன்.

தார் வெட்டுகிறவர் அரிவாளை இறக்கினார். "கல்யாணத்துக்குன்னு சொன்னீக. இது சுத்தப் பிஞ்சால்ல இருக்கு?"

"ஏப்பா, நீ கடலைக் கண்டியா? அங்கன போய்ச் சேர்றதுக்குள்ள பழுத்துரும். வெட்டு."

படகு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை இக்கா வீடியோவில் கூப்பிட்டு, ஒரு காயை எடுத்துத் தூணில் தட்டிக் காட்டினார். டொக் என்ற சத்தம் என் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

"படகு வந்துரும்னுதான சொன்னாக?" என்றாள் என் மனைவி. "ஒங்களுக்கு மட்டும் அப்படி என்ன சந்தேகம்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்துப் பாருங்கள் என்றேன். அந்தப் பிஞ்சு ஒரே நாளில் எந்தப் புகைக்கும் மசியாது என்பது எனக்கே தெரியும். நல்லவேளை, தீவில் தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து காயைச் சீவியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பழத்துக்குப் பதில் சிப்ஸ் தின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொட்டலம் வேறு கட்டிக்கொண்டு போனார்களாம்.

திங்கட்கிழமை போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். இக்கா சிரித்தார்.

"சிப்ஸ் கொள்ளாம், நல்லாவே இருந்துச்சு, அண்ணாச்சி. இத்தனை வருஷத்துல இப்பதான் ஒரு காய்கூட அழுகாம வந்திருக்கு." பிறகு சொன்னார்: "பாதி அழுகி வந்தப்பவும் உங்களை நம்பித்தானே அடுத்த லோடு கேட்டேன். நீங்க எங்க படகை ஒரு வாட்டி நம்பியிருக்கலாம்."



அடுத்த லோடுக்கு, ஓரத்தில் மஞ்சள் கண்ட தார்களாகப் பார்த்துக் கை காட்டினேன். தார் வெட்டுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையா? வழியிலேயே பழுத்துருமே?"

"வெட்டுப்பா," என்றேன். "படகு வந்துரும்."